முப்பத்தேழு முப்பத்தேழு

என் போன் நம்பர் தெரியாத டிராக்டர் டிரைவர் மூன்று ஜில்லாவிலும் கிடையாது. பாகல்கோட்டை, பிஜாப்பூர், பெல்காம், எந்தப் பக்கம் போய் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சொல்ல மாட்டார்கள், பாடியே காட்டுவார்கள். அப்படிப்பட்ட நம்பர் இரண்டு வருஷமாக இன்னொருவன் சட்டைப் பையில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. அவன் பெயர் பசவந்த். அவன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பாகவ்வா, காகிதத்தில் பாகீரதி. முதோளுக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி ஹொசகட்டி எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் ஹனுமந்த் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டர் ஓட்டுகிறார். ஆலை வாசலில் எடைமேடைக்கு முன்னால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிற நேரமெல்லாம் டிரைவர் தலைக்கு மேலே கட்டிய ஸ்பீக்கர் பெட்டிகளில் பாட்டு ஓடும். எங்கள் பக்கம் ஒரு பாட்டை வெளியிடுவது என்றால் யூடியூபில் ஏற்றுவது பாதி வேலைதான். ஆலை முற்றத்தில் டிரைவர்கள் கையில் பென்டிரைவ் கொடுப்பது மீதி வேலை. நாற்பது டிரைவருக்குப் பிடித்துவிட்டால் நானூறு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் பத்து நொடியில் மாற்றிவிடுவார்கள், பாடினவள் சொந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் சரி.

வரிசையில் நின்றவருக்கு ரொட்டியும் கடலைப் பொடியும் எடுத்துக்கொண்டு போன ஒரு மத்தியானம் அந்தப் பாட்டு எனக்கு வந்தது. மூன்றாவது நாள். வெயிலில் கரும்பு சுருங்கிக்கொண்டிருந்தது, மனுஷனும் சுருங்கிக்கொண்டிருந்தார்.

வரிசையில நிக்கிற மாமா, உன் கரும்பு காயுது மாமா
கரும்பு காய்ஞ்சா எடை குறையும்
நான் காய்ஞ்சா என்ன குறையும் மாமா?

ரொட்டி மூட்டையை அவிழ்க்காமலே அங்கே நின்று நாலு சரணமும் கட்டினேன். அவர் பசியில் கத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் பாட்டுக்குக் கடைசிச் சரணம் என்று ஒன்று உண்டு. பாட்டு கட்டினவர் பெயர், ஊர், கீபோர்டு வாசித்தவர் பெயர் எல்லாம் அதில் வரும். இப்போதெல்லாம் போன் நம்பரும் வரும். யூடியூப் கொடுக்கிற காசில் டீ குடிக்கலாம். சோறு போடுவது ஜாத்திரைதான், ஊர்த் திருவிழா. ஊர்த் தேர் ஓடும் வாரத்தில் ரசமஞ்சரி என்று மேடைக் கச்சேரி வைப்பார்கள். கமிட்டிக்காரர்கள் டிராக்டரில் கேட்ட நம்பருக்கு அடித்துத்தான் கச்சேரி பேசுவார்கள். நம்பர் யார் கையில் இருக்கிறதோ ஜாத்திரை அவர் கையில்.

அப்போது என்னிடம் சொந்தமாகப் போன் இல்லை. பசவந்திடம் பாட்டைக் கொண்டுபோனேன். முதோளில் உரக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, ஒரு மைக், சுவரெல்லாம் முட்டை அட்டை. அதுதான் 'பசவந்த் மெலடீஸ்'. ஊரில் எல்லோரும் அவனை முதலாளி மரியாதையில் சவுகார் என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பாட்டுக்கு எட்டாயிரம் கொடுத்தான், ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினான். பாட்டின் உரிமை மொத்தமும் அவனுக்கு என்று அதில் எழுதியிருந்தது. படித்துத்தான் போட்டேன். எட்டாயிரத்தைப் பார்த்த கண்ணுக்கு மற்றது தெரியவில்லை, அது என் தப்பு.

"புது நம்பர் ஒண்ணு எடுத்துடலாம் அக்கா," என்றான். "கச்சேரிக்குன்னே தனியா. பாட்டுல வெச்சுப் பாடிடு."

பசவந்த் என்னை அக்கா என்று கூப்பிட்டால் அவனுக்கு ஏதோ தேவைப்படுகிறது என்று அர்த்தம். மற்ற நேரத்தில் நான் வெறும் பாகவ்வாதான். இந்தக் கணக்கு எனக்குப் பிறகுதான் பிடிபட்டது.

பஸ் ஸ்டாண்டு எதிரே குல்கர்ணி என்பவரின் சிம் கடை. அவர் திரையில் ஏழெட்டு நம்பர் காட்டினார். நான் ஒவ்வொன்றையும் மெட்டில் வைத்துப் பாடிப் பார்த்தேன். ஒன்று இழுத்தது, இன்னொன்று தாளத்துக்கு வெளியே காலை நீட்டியது. கடைசியில் ஒன்று கிடைத்தது. ஒன்பது எட்டு என்று ஆரம்பித்து முப்பத்தேழு முப்பத்தேழு என்று முடிகிற நம்பர். அந்த முடிவு அப்படியே டோலக் அடி. பாடினதும் கடையில் ரீசார்ஜ் பண்ண நின்றவர்கள் கை தட்டினார்கள். "காய்கறி வாங்குற மாதிரி நம்பர் வாங்குறீங்களேம்மா," என்று குல்கர்ணி சிரித்தார்.

பசவந்த் கட்டைவிரலை வைத்தான். மிஷின் ஏற்கவில்லை. அவன் பெயரில் ஏற்கனவே ஒன்பது சிம் இருந்தது. ஒரு ஆளுக்கு ஒன்பதுக்கு மேல் கிடையாதாம். அவனுக்கு ஒன்பது சேனல் இருந்ததோ, ஒன்பது இடத்தில் கடன் இருந்ததோ, யார் கண்டது. "அக்கா, உன் கட்டைவிரலைக் கொஞ்சம் வையேன்," என்றான். வைத்தேன். சிம்மை வாங்கித் தன் போனில் போட்டுக்கொண்டான்.

"பொம்பளை நம்பர்னு தெரிஞ்சா குடிகாரப் பசங்க கண்ட நேரத்துல அடிப்பானுங்க. நான் எடுத்துப் பேசிக்கிறேன். உனக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

நியாயமாகத்தான் பட்டது.

பாட்டு ஓடியது. எப்படி ஓடியது என்றால், ஆலை முற்றத்தில் நூறு டிராக்டர் நின்றால் அறுபதில் என் குரல். வீடியோவில் நான் இல்லை. கோகாக்கிலிருந்து ஸ்வப்னா என்று ஒரு பெண்ணைக் கூட்டிவந்து கரும்புக் காட்டில் ஆட வைத்தான். வெளுப்பாக, ஒல்லியாக இருப்பாள். எல்லாப் பாட்டுக்கும் அப்படித்தான், பாடுகிறவள் ஒருத்தி, ஆடுகிறவள் ஒருத்தி. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கடைசிச் சரணத்தில் ஸ்வப்னா வாயசைத்துத் தன் நெஞ்சில் கை வைத்து 'பாகவ்வா பேரு' என்று காட்டியபோதுதான் கொஞ்சம் சுருக்கென்றது. சரி, நடிப்புதானே என்று விட்டுவிட்டேன்.

முதல் வருஷம் பதினான்கு ஜாத்திரை பாடினேன். அந்த வருஷமே இன்னும் பத்துப் பாட்டு அவனுக்குப் பாடிக் கொடுத்தேன். இரண்டாவது வருஷம் ஒரு ஜாத்திரைகூட இல்லை. கேட்டால், "யாரும் கூப்பிடலை பாகவ்வா. ஜனங்களுக்குப் புதுசு புதுசா வேணும்," என்றான். பாட்டோ இன்னும் டிராக்டரில் ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஜனங்களோ என்று அலுத்துக்கொண்டு களையெடுக்கப் போனேன்.

ஒருநாள் ஹனுமந்த் ஆலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"செவ்வாய்க்கிழமை நீ எங்க இருந்தே?"

"எங்க இருப்பேன்? இங்கதான். உங்க அம்மாவுக்கு வெந்நீர் வெச்சுக்கிட்டு."

"மல்லாப்பூர் ஜாத்திரையில நீ பாடினியாமே. வரிசையில நாலு பேரு சொல்றான். உன் பொண்டாட்டி செமையா ஆடுறாளேன்னு கேக்குறான் ஒருத்தன். அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன்."

"ஆடினேனா? நானா? இந்த முழங்காலை வெச்சுக்கிட்டா?"

அவர் என் முழங்காலைப் பார்த்தார். அப்போதுதான் சந்தேகம் தெளிந்தது. பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன், என் பேச்சை நம்பவில்லை, முழங்காலைத்தான் நம்பினார். அதற்குத் தனியாக ஒருநாள் வைத்திருக்கிறேன்.

அந்த நாலு பேரில் ஒருவன் போனில் படம் பிடித்திருந்தான், அன்று ராத்திரி அனுப்பி வைத்தான். மேடை, விளக்கு, பின்னால் பெரிய பேனர், 'பாகவ்வா ரசமஞ்சரி'. எழுத்துக்குப் பக்கத்தில் ஸ்வப்னா முகம். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். பாடியது நான்தான். பென்டிரைவில் நான். ஸ்டுடியோவில் மூன்றாவது சரணத்துக்கு முன்னால் எனக்கு லேசாக இருமல் வந்தது, பசவந்த் அதை வெட்டாமல் விட்டிருந்தான். அந்த இருமலுக்கும் அவள் வாயில் கை வைத்துக் காட்டினாள். ஜனம் விசிலடித்தது. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. சொன்னால் பொய். அந்த இருமலுக்காகவே அவளை நாலு அறை அறைந்திருப்பேன்.

மறுநாள் காலை மாடி ஏறினேன். பசவந்த் புது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, காதில் மாட்டியதைக்கூடக் கழற்றாமல் பேசினான்.

"என் பேரை வெச்சுக் கச்சேரி பண்றியாமே?"

"உன் பேரா? அது பாட்டுல இருக்கிற பேரு. பாட்டு என்னோடது. கையெழுத்துப் போட்டியா இல்லையா?"

"பாட்டைத்தானே வித்தேன். என்னைய வித்தேனா?"

"ஏன் பாகவ்வா கத்துறே? வீடியோவுல பார்த்த மூஞ்சி வந்தாத்தான் ஜனம் வரும். உன்னைய மேடையில நிறுத்தினா, ஸ்வப்னாவோட அத்தை வந்திருக்கான்னு நினைப்பானுங்க."

அவன் பக்கத்தில் கீபோர்டுக்காரன் தஸ்தகீர் உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்காமல் ஏதோ ஒரு கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்த நம்பரையாவது குடு. அது நான் பாடி எடுத்த நம்பர்."

பசவந்த் சிரித்தான். "இந்தப் போனைப் பாரு. என் பையில இருக்கு. ரீசார்ஜ் நான் பண்றேன். சேனல் லாக்கின் இதுல இருக்கு. கமிட்டிக்காரன் பூரா இதுல இருக்கான். இதை உங்கிட்ட தூக்கிக் குடுத்துட்டு நான் ஆடு மேய்க்கவா? உனக்குத் திறமை இருந்தா தனியாப் பாடு, தனியா ஏத்து. யாரு கையைப் பிடிச்சா?"

"பாடுறேன்டா."

"சவுகார்னு கூப்பிட்ட வாய்!"

"அந்த வாய்தான். இனிமே இப்படித்தான் கூப்பிடும்."

பாடினேன். தஸ்தகீர் இரண்டு நாள் கழித்துத் தானாகவே வீட்டுக்கு வந்தான். "என்னோட பேரையும் கடைசிச் சரணத்துல வெட்டிட்டான்க்கா, மேடையில வாசிக்கிறதே கிடையாது, எல்லாம் பென்டிரைவ்தான்," என்றான். அவன் வீட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து, ஆட்டைத் தெருவில் கட்டிவிட்டுப் புதுப் பாட்டு பதிந்தோம். என் பெயரில் சேனல் ஆரம்பித்து அவனே ஏற்றிக் கொடுத்தான். போன வருஷம் வாங்கிய போனின் நம்பரைக் கடைசிச் சரணத்தில் வைத்தேன். அது பாறையில் மாட்டு வண்டி ஏறுவதுபோலத் தடதடவென்று போனது. வேறு வழியில்லை. ஹனுமந்த் நாற்பது பென்டிரைவ் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முதல் வாரம் முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். கீழே கருத்து எழுதியிருந்தார்கள். தஸ்தகீர் படித்துக் காட்ட மாட்டேன் என்றான், நானே படித்தேன். 'டூப்ளிகேட் பாகவ்வா.' 'ஒரிஜினல் பாகவ்வா குரலைக் காப்பி அடிக்காதே.' 'ஆண்டி, நீங்க ரொட்டி சுடுங்க.' ஒருவன் இன்னும் ஒருபடி மேலே போய், 'குரல் கொஞ்சம் ஒத்துப்போகுது, ஆனா அந்த இனிமை இல்லை,' என்று எழுதியிருந்தான். என் குரலில் என் இனிமை இல்லையாம். அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால்!

பத்தாம் நாள் சேனலே காணோம். பிரபலமான இன்னொருவர் பெயரைப் பயன்படுத்துவதாகப் புகார் போயிருந்தது. புகார் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. நான் பாகவ்வா இல்லை என்று பசவந்த் எழுதிக் கொடுத்திருக்கிறான், நான்தான் பாகவ்வா என்று எழுதிக் கொடுக்க எனக்கு இடம் தெரியவில்லை. பெரிய ஜாத்திரைகள் தொடங்க இன்னும் மூன்று வாரம்தான். இந்த வருஷமும் மேடை ஏறவில்லை என்றால் பாகவ்வா என்றால் ஸ்வப்னா என்று ஊர் உலகம் முடிவு கட்டிவிடும். அதற்குப் பிறகு நான் கத்தினாலும் காப்பி, அழுதாலும் காப்பி.

சேனல் போனால் போகட்டும், டிராக்டர் இருக்கிறதே என்று நினைத்தேன். தாளத்துக்கு உட்காருகிற மாதிரி வேறு நம்பர் எடுத்து, இன்னொரு பாட்டுப் பதிந்து, பென்டிரைவில் மட்டும் விடலாம். குல்கர்ணி கடைக்குப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"பாடிப் பார்த்து நம்பர் எடுத்த அம்மாதானே? வாங்க வாங்க. இப்ப என்ன ராகத்துல வேணும்?"

விரலை வைத்தேன். அவர் திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க பேர்லதான் ரெண்டு நம்பர் இருக்கே. அந்த முப்பத்தேழு முப்பத்தேழு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதை வெச்சுக்கிட்டு இன்னொண்ணு எதுக்கு?"

விரலை எடுக்காமலே கேட்டேன்.

"யாரு பேர்ல?"

"உங்க பேர்லதான். பாகீரதி, ஹொசகட்டி. அன்னிக்கு உங்க விரலைத்தானே வெச்சீங்க?"

இரண்டு வருஷம் அந்த நம்பர் என்னுடையது இல்லை என்றே இருந்தேன். மாடி ஏறிப் போய்ப் பிச்சை கேட்டேன். அது என் கட்டைவிரலில் இருந்திருக்கிறது. அந்த விரலாலேயே என் தலையில் குட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பசவந்துக்கும் அது மறந்துபோயிருக்க வேண்டும். ரீசார்ஜ் பண்ணுகிறவன்தான் சொந்தக்காரன் என்று அவனும் நம்பினான், நானும் நம்பினேன். இரண்டு முட்டாள்களில் அவன் கொஞ்சம் பணக்கார முட்டாள்.

"அந்த சிம் தொலைஞ்சு போச்சுங்க," என்றேன்.

"எப்போ?"

"ரெண்டு வருஷமாச்சு."

குல்கர்ணி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். கடைக்கு வெளியே கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் போனது. அதில் என் பாட்டுதான், கடைசிச் சரணம். அவர் அது தாண்டிப் போகிறவரை கேட்டார்.

"அதே நம்பர்ல புது சிம் தர்றேன். இன்னொரு தடவை விரலை வையுங்க. மத்தியானத்துக்குள்ள பழசு செத்துடும். கால் உடனே வரும், மெசேஜ் மட்டும் ஒரு நாள் வராது."

அன்று சாயங்காலத்துக்குள் இருபது பேருக்கு மேல் கூப்பிட்டார்கள். எடுத்து "பாகவ்வா பேசுறேன்" என்றால் பாதிப் பேர் நம்பவில்லை. "பொய் சொல்லாதீங்க, பாகவ்வா போன் எடுக்காது, அந்த ஆளைக் கூப்பிடுங்க," என்றான் ஒருவன். இன்னொருவன் ஸ்வப்னாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டான். குடித்துவிட்டு அடித்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவன் நான் திட்டிய திட்டுக்கு மன்னிப்புக் கேட்டு வைத்தான். இந்தத் தொல்லையிலிருந்துதான் பசவந்த் என்னை இரண்டு வருஷம் காப்பாற்றினானாம். கடைசியாக ஒரு அழைப்பு வந்தது.

"யாருங்க இது?" பசவந்தின் குரல்.

"பாகவ்வா."

அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவன் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஹனுமந்த் வீட்டில்தான் இருந்தார். டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

"திருட்டு வேலை பண்றியா?" என்று ஆரம்பித்தான் பசவந்த். "போலீசுக்குப் போவேன். ஒரே நாள்ல எனக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா?"

"போ. போய் என்ன சொல்லுவே? பாகீரதி பேர்ல இருக்கிற சிம்மைப் பாகீரதி திருடிட்டான்னு சொல்லு. எழுதுற ரைட்டர் சிரிப்பான்."

"நான் ஆளாக்கினேன்டீ உன்னைய. களை புடுங்கிக்கிட்டு இருந்தவ."

"இப்பவும் அதைத்தான் புடுங்குறேன். இன்னிக்குத்தான் சரியான களை மாட்டியிருக்கு."

டிராக்டருக்கு அடியில் கால்கள் குலுங்கின.

பசவந்த் மேலும் கத்த வாயைத் திறந்தவன், தன் கையிலிருந்த போனைப் பார்த்து மூடிக்கொண்டான். பிறகு வந்த குரல் வேறு.

"அக்கா."

எனக்குப் புரிந்துவிட்டது, தேவை வந்துவிட்டது.

"அக்கா, நேத்து அந்த நம்பர் செத்ததும் பயந்துபோய் சேனல்ல நம்பரை மாத்தப் பார்த்தேன். அது என்னை வெளிய தள்ளிடுச்சு. பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்புறேங்குது. நேத்து மெசேஜே வராம ரெண்டு தடவை வீணாப் போச்சு. இன்னொரு தடவை தவறினா ஒரு மாசம் உள்ளயே விடாது. ஜாத்திரை சமயம், அக்கா. புதுப் பாட்டு எட்டு வெச்சிருக்கேன், ஒண்ணையும் ஏத்த முடியாது. இப்ப அனுப்பச் சொல்லி அழுத்தப் போறேன். உனக்கு ஆறு நம்பர் வரும். அதைச் சொல்லிடு. பத்து நிமிஷம்தான் நேரம்."

நான் பதில் சொல்வதற்குள் அவன் அழுத்தினான். என் போன் ஒருமுறை அதிர்ந்தது. ஆறு எண்கள் வந்தன. அவன் கழுத்தை நீட்டினான், நான் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லு அக்கா."

"முதல்ல நீ சொல்லு. என் சேனல் மேல புகார் குடுத்தியே. நான் பாகவ்வா இல்லைன்னு எழுதின கை எது? வலதா, இடதா?"

"வாபஸ் வாங்கிக்கிறேன்."

"மல்லாப்பூர்ல என் பேர்ல வேற ஒருத்தியை ஆட விட்டியே. அதை எப்படி வாபஸ் வாங்குவே?"

"இந்த வருஷம் பாதிக் கச்சேரி உனக்கு, பாதி அவளுக்கு. என் பொண்ணு மேல சத்தியம்."

"என் பேர்ல பாதி எனக்கா?"

"அக்கா, நேரம் போகுது. உன்னோட பதினொரு பாட்டும் அதுலதான் இருக்கு. உனக்கும்தான் நஷ்டம்."

அதை நான் யோசிக்காமல் இல்லை. பதினொரு பாட்டும் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தன. ஆனால் டிராக்டரில் இருப்பதை யாரும் பூட்ட முடியாது. என் மனசில் என்ன முடிவு இருந்தது என்று இப்போது கேட்டால் சத்தியமாகத் தெரியாது. அவன் முகம் அழுகிற மாதிரி ஆகியிருந்தது. கொஞ்சம் இரக்கம்கூட வந்திருக்கலாம். அதற்குள் போன் அடித்தது. நேற்றிலிருந்து அது ஓயவே இல்லை.

எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கமுங்க, மல்லாப்பூர் ஜாத்திரைக் கமிட்டி, கௌடர் பேசுறேன். பசவந்த் இல்லீங்களா?"

பசவந்த் தலையை வேகமாக ஆட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டினான்.

"பாகவ்வா பேசுறேங்க."

"அட, அம்மாவே எடுத்துட்டீங்களா! போன தடவை பிரமாதம். இந்தத் தடவை அமாவாசைக்கு எங்க சின்னத் தேருங்க. அதே மாதிரி வேணும். அதே பச்சைச் சேலை, அதே ஆட்டம். நாப்பதாயிரம் போன தடவை குடுத்தோம், அதையே குடுத்துடுறோம்."

நாற்பதாயிரம். முதல் வருஷம் எனக்கு ஒரு கச்சேரிக்குப் பசவந்த் கொடுத்தது நாலாயிரம். கமிட்டிக்காரன் ஏழைங்கக்கா, இவ்வளவுதான் தர்றான் என்பான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். இரக்கம் வந்திருந்தால் அது அந்த நொடியில் போய்விட்டது.

"கௌடரே," என்றேன், "உங்களுக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா? வரிசையில நிக்கிற மாமா?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க! என் டிராக்டர்ல ரெண்டு வருஷமா அதுதானே ஓடுது."

"இப்பப் பாடுறேன். முழுசாக் கேளுங்க."

"அக்கா," என்றான் பசவந்த், குரலே எழும்பாமல். "அந்த ஆறு நம்பர்."

நான் பாட ஆரம்பித்தேன். டோலக் இல்லை, கீபோர்டு இல்லை. ஆலை வாசலில் கட்டியபோது எந்த வேகத்தில் கட்டினேனோ அந்த வேகத்தில் பாடினேன். ஸ்டுடியோவில் பசவந்த் அவசரப்படுத்தி வேகம் கூட்டியிருந்தான். உண்மையில் அது நிதானமான பாட்டு. காத்திருக்கிறவளுக்கு என்ன அவசரம்? கரும்பு காய்ந்தது. மாமன் வரிசையில் நின்றான். இரண்டாம் சரணத்தில் பசவந்த் என் கையைப் பிடிக்க வந்தான். டிராக்டருக்கு அடியிலிருந்து ஹனுமந்த் ஸ்பேனரோடு எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். மூன்றாம் சரணத்துக்கு முன்னால், வேண்டுமென்றே, ஒருமுறை இருமினேன். பசவந்த் தன் போனில் ஓடும் நேரத்தைப் பார்த்தான். அவன் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பல்லவியை வழக்கத்துக்கு ஒரு முறை கூடுதலாகவே பாடினேன். கௌடர் ஆட்சேபிக்கவில்லை.

ஹொசகட்டி ஊரு, பாகவ்வா பேரு
தஸ்தகீரு வாசிச்சாரு
ஜாத்திரைன்னா கூப்பிட்டுப் பாரு

பிறகு அந்த நம்பர். ஒன்பது எட்டு என்று ஆரம்பித்து, ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய அடியில் உட்கார வைத்து, முப்பத்தேழு முப்பத்தேழு என்று முடித்தேன். பசவந்தின் போன் திரை வெளுத்துச் சிவப்பு எழுத்தில் ஏதோ சொன்னது. அவன் எங்கள் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பக்கம் கௌடர் கடைசி அடியைத் தானும் முணுமுணுத்துப் பார்த்தார்.

"அம்மா," என்றார். குரல் மாறியிருந்தது. "இது அதே குரல். அதே இருமல். ஆனா போன தடவை மேடையில இப்படி நேர்ல பாடின மாதிரி இல்லையே. டிராக்டர்ல கேக்குற மாதிரியேதான் இருந்தது. எங்க ஊர்ல ரெண்டாயிரம் பேரு உக்காந்து பார்த்தோம். அப்ப போன தடவை வந்தது யாருங்க?"

"அதைச் சொல்ல வேண்டியவரு இங்கதான் உக்காந்திருக்காரு," என்று போனைப் பசவந்த் கையில் கொடுத்தேன். "சொல்லுங்க சவுகாரே."